கவுன்சிலருக்கு நிற்க பாரம் எங்கே கிடைக்கும்?

"டீச்சர், கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கணும்னா பாரம் எங்க எடுக்கணும்?"

கேட்டவன் என் பழைய மாணவன். வயது இருபத்தேழு. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறியதும் குடும்பத்தோடு வெளியேறி, இன்று மலாக்காவில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறான். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அவர்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் என்ற சாக்கடையில் மண் அடைத்து லாலான் புல் முளைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் குசினிக்குள் வருகிறது. யாரிடம் போய்ச் சொன்னாலும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ஆனால் அவன் ஆத்திரம் லோங்காங்கோடு நிற்கவில்லை.

"இன்னிக்கு வந்து வாரிட்டுப் போயிடுவாங்க டீச்சர். ஆறு மாசத்துல மறுபடியும் அடைக்கும். காச முதல்ல எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவு பண்ற எடத்துல நாம யாரும் இல்ல. கூட்டம் எப்ப நடக்குது, என்ன பேசுறாங்க, ஒண்ணும் தெரியல. அந்த விதியவே மாத்தணும். அதுக்குத்தான் உள்ள போகணும்ங்கிறேன்."

நாடாளுமன்றத்துக்கு அவன் நிற்கலாம். சட்டமன்றத்துக்கும் நிற்கலாம். 2019இல் அரசியலமைப்பைத் திருத்தியபின் அதற்கு 18 வயது போதும். நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்டினால் அவன் பெயர் வாக்குச்சீட்டில் ஏறிவிடும். ஆனால் அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்துக்கு அவனால் நிற்க முடியாது. அவனால் மட்டுமல்ல, மலேசியாவில் எந்தக் குடிமகனாலும் முடியாது. அந்தத் தேர்தலே கிடையாது. 1965இல் நிறுத்திவைத்தார்கள், 1976இல் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள்.

நான் சொன்னதை அவன் நம்பவில்லை. "அப்ப கவுன்சிலருங்க எங்கேருந்து வர்றாங்க?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படித்தவர்கள், கோயில் தலைவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் கூட. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆவது சட்டம், தீபகற்பத்தில் உள்ள மாநகர் மன்றங்களுக்கும் நகராண்மைக் கழகங்களுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் ஒரே சாசனம். மலாக்காவில் அந்தச் சாசனத்தின் கீழ் நான்கு மன்றங்கள் நடக்கின்றன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம், அலோர் காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம். சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்வது இதுதான்: மேயர் அல்லது தலைவர் ஒருவர், அவரோடு எட்டுப் பேருக்குக் குறையாமல், இருபத்துநான்கு பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள். அத்தனை பேரையும் நியமிப்பது மாநில அரசு. ஒருமுறை நியமித்தால் மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது, ஆனால் மறுபடியும் நியமிக்கலாம். பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சியில் அனுபவம் உள்ளவர்கள், தொழிலிலோ வணிகத்திலோ பெயர் பெற்றவர்கள், தம் சமூகத்தின் நலனை எடுத்துச்சொல்லத் தகுதியானவர்கள் என்று மாநில அரசு கருதுவோரை நியமிக்கலாம். அந்தக் 'கருதுவோர்' என்ற இடத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நடைமுறையில் ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டு பெயர்ப் பட்டியல் கொடுக்கும். மாநில அரசு கடிதம் கொடுக்கும். நல்லவர்களும் வருகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலும் காலையில் வந்து நிற்கும் கவுன்சிலர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர் வந்து நிற்பது அவருடைய நல்ல மனம். அவர் வராவிட்டால் அவரை மாற்ற நமக்கு ஒரு வழியும் இல்லை. குறை அந்த மனிதரிடத்தில் இல்லை, சாசனத்தில் இருக்கிறது.

அதே சட்டத்தின் 15ஆவது பிரிவுதான் தேர்தலை முடித்துவைத்த பிரிவு. வேறு எந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் எல்லாம் இனிச் செல்லாது என்று அது சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளாக மதிப்பீட்டு வரி கட்டி வருகிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று. சுக்காய் பிந்து பில் வந்தால் நம் வீட்டில் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம்! கட்டாவிட்டால் அபராதம், நோட்டீசு எல்லாம் வரும். கட்டுகிற காசுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் அந்தப் பில்லோடு வருவதில்லை.

மலாக்கா மாநகராக உயர்ந்தது 2003 ஏப்ரல் 15ஆம் நாள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்ற பெயரும் கிடைத்தது. தங்காசாரித் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அந்தப் பாரம்பரிய வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கம்போங் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டாக இந்த ஊரில் வேர்விட்ட சமூகம் நாம். மாநகர் என்ற பட்டம் வந்தபோது நம்மிடமோ மற்றவர்களிடமோ யாரும் ஒரு வாக்குக்கூடக் கேட்கவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. மலாயாவின் நவீன காலத்து முதல் தேர்தல் நாடாளுமன்றத் தேர்தல் அல்ல. 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்த தேர்தல். அடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். பிற்பாடு இந்த நாட்டை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணி பிறந்தது அந்தக் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில்தான். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் கைகோத்து 12 இடங்களில் 9 இடங்களைப் பிடித்தன. இந்தியர் கட்சியான மஇகா அன்று எதிர்ப்பக்கம், டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சியோடு நின்றது. தோற்றபின் யோசித்து 1954இல் கூட்டணிக்கு வந்தது. நம் கட்சியின் பாதையையே ஓர் ஊராட்சித் தேர்தல் திருப்பிவிட்டது. மலாக்கா நகராண்மைக் கழகத்துக்கும் 1950களில் தேர்தல் நடந்தது. இந்த ஊரின் தெருக்களில் கவுன்சிலருக்கு நின்றவர்கள் வீடு வீடாக வாக்குக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழர் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதை என் மாணவனுக்குச் சொன்னேன், அவன் கண் விரிந்தது. 1956இல் ஜார்ஜ்டவுன், மலாயாவிலேயே உறுப்பினர் அத்தனை பேரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நகராண்மைக் கழகமானது. 1957 ஜனவரி 1ஆம் நாள், சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்பே, பிரிட்டிஷ் அரசியின் சாசனப்படி மலாயாவின் முதல் மாநகரானது. அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், ஆசிரியராக இருந்தவர். சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் நகரத்துக்கு ஒரு தமிழர் மேயர். 1961 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இன்று ஜார்ஜ்டவுனில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்த மாநகர் மன்றம் வெறும் குப்பையும் லோங்காங்கும் பார்க்கவில்லை. மின்சாரம் அதனிடம் இருந்தது, தண்ணீர் அதனிடம் இருந்தது, பஸ்ஸும் அது ஓட்டியது. 1960களின் நடுவில் அதன் வருமானம் பினாங்கு மாநில அரசின் வருமானத்தையே மிஞ்சியிருந்தது.

இன்றைய மலாக்காவோடு இதை வைத்துப் பாருங்கள். மின்சாரம் தெனாகா நேஷனல் நிறுவனத்திடம். தண்ணீர் மாநிலத்தின் நீர் நிறுவனத்திடம். 2011 செப்டம்பர் 1 முதல் குப்பையும் மத்தியச் சட்டத்தின் கீழ்ப் போய், குத்தகை நிறுவனம் அள்ளுகிறது. ஆள் மாற்றி ஆளை என் மாணவனுக்குக் கைகாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் மன்றத்தின் கையில் மிச்சம் இருப்பது கொஞ்சமல்ல. கட்டட அனுமதி, நிலத் திட்டம், கடை லைசென்ஸ், சாலையோர அங்காடி, தெருவிளக்கு, லோங்காங், விளையாட்டுத் திடல், பொது மண்டபம், மின்சுடலை. இந்தப் பட்டியலில் நம் வாழ்க்கையைத் தொடாத ஒன்று உண்டா? கோயிலுக்கு ஒரு கூரை போடவும், அம்மா கையால் சுட்ட தோசையை ரோட்டோரம் விற்கவும், அப்பாவை எரிக்கவும் இந்த மன்றத்திடம்தான் போக வேண்டும்.

தேர்தல் எப்படிப் போனது? இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம். 1965 மார்ச் 1ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்தார். அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் கொடுத்தார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. இதற்கிடையில் சில மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடு என்று புகார்கள் கிளம்பின. 1966இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்பை மாநில அரசு எடுத்துக்கொண்டது.

1965இலேயே அரச விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவின் தலைவர்களில் ஒருவர், வழக்கறிஞர். அவர் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தளபதிப் பொறுப்பில் இருந்தவர். ஆணையத்தின் உறுப்பினர்களில் ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி.எஸ். ராமநாதனும் ஒருவர். ஊராட்சித் தேர்தல் இந்த நாட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று தீர ஆராய்ந்து எழுதும் பொறுப்பு ஒரு தமிழர் தலைமையில் இருந்த குழுவிடம் வந்திருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

1968 டிசம்பரில் ஆணையம் அறிக்கையை முடித்தது. முடிவு தெளிவாக இருந்தது: தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி தொடர வேண்டும். சில மன்றங்களில் குறை உண்டு, ஊழல் உண்டு. அதற்கு மருந்து நிர்வாகத்தைச் சீர்ப்படுத்துவது. மக்களின் வாக்கைப் பறிப்பது மருந்தாகாது. வரி கட்டுபவருக்கு மன்றத்தில் பேச ஆள் இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். அடுத்த ஐந்தே மாதத்தில் 1969 மே 13 இனக் கலவரம் வந்தது. நாடு மாறிவிட்டது. 1971இல் அறிக்கையை வெளியிட்ட அரசு, அதன் மூலப் பரிந்துரையை ஏற்கவில்லை. மத்திய அரசுக்கு ஒரு தேர்தல், மாநிலத்துக்கு ஒரு தேர்தல், அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. 1973இல் இடைக்காலச் சட்டம், 1976இல் நிரந்தரச் சட்டம், அதில் 15ஆவது பிரிவு. ஆதி நாகப்பன் காலமானதும் அதே 1976இல்தான்.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான்.

மலாக்கா, ரப்பர்த் தோட்டத்தின் தாய்வீடு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார், பிறகு புக்கிட் அசாகானில் பெரிதாக விரித்தார். மலாயாவில் வணிக ரப்பர் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. ஜாசின், கெமெண்டோர், ரிம், மெர்லிமாவ், செர்காம், கடேக், தெபோங் என்று நம் சனங்கள் லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஆனால் தோட்டம் தனியார் நிலம். சாலை தோட்டத்துடையது, விளக்கு தோட்டத்துடையது, தண்ணீர்க் குழாய் தோட்டத்துடையது. ஊராட்சியின் எல்லைக்கோடு பெரும்பாலும் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே துரை, கிராணி, கங்காணி. லயத்துக் கூரை ஒழுகினால் ஆபீசில் போய் நிற்க வேண்டும்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது வந்த அவசரகாலத்தில் சீனர்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. முள்வேலிக்குள் அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆனால் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தப் புதுக்கிராமங்களில் பலவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி கிடைத்தது. தங்கள் தெருவைப் பற்றித் தாங்களே உட்கார்ந்து பேசிப் பழகினார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை. பிறகு 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் துண்டாடல் வந்தது. அதற்குப் பின் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, தொழிற்பேட்டை வந்தது. சனங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் வந்தார்கள். முதல்முறையாக ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் வந்தார்கள், முதல்முறையாக வரிப் பில் கையில் வாங்கினார்கள். வாக்கு அதற்குள் போய்விட்டிருந்தது.

நகரத்துக்காரர்கள் பேசும்போது "இழந்த உரிமையை மீட்க வேண்டும்" என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது இழந்த உரிமை அல்ல. அவர்கள் தாத்தா பாட்டி கையில் ஒருநாளும் வந்து சேராத உரிமை. இந்த வாக்கை யாரையும்விட நாம்தான் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"நம்ம ஆளுங்களுக்குத் தேர்தல் வச்சா சண்டைதான் போடுவாங்க" என்று சிலர் சொல்வது என் காதில் விழாமல் இல்லை. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த நாட்டில் நம்மைப்போல் தேர்தல் நடத்திப் பழகிய சமூகம் குறைவு. தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தோட்டந்தோறும் கமிட்டி. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பேராளர்கள். பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம். கோயிலுக்கு ஆண்டுக் கூட்டம். இவை எல்லாம் கைதூக்கியோ சீட்டுப் போட்டோ நடக்கின்றன.

எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். மண்டபத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கணக்கறிக்கை கொடுப்பார்கள், நான்கு பக்கம், ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்திருக்கும். பொருளாளர் வரவு செலவைப் படிக்கிறார். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பாட்டி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து எழுந்திருக்கிறார். "ஐயா, திருவிழாவுக்கு எண்ணெய் வாங்குனதுன்னு போட்டிருக்கு. வெளக்குக்கா, சமையலுக்கா? பில்லு எங்க?" மண்டபம் அமைதியாகிறது. பொருளாளர் கோப்பைப் புரட்டிப் பில்லை எடுத்துக் காட்டுகிறார். பாட்டி அதை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். பொருளாளர் கோபப்படவில்லை; கோபப்படவும் முடியாது. அடுத்த தேர்தலில் கை தூக்குகிறவர்களில் பாட்டியும் ஒருவர்.

ஊராட்சி என்றால் என்ன என்று என் மாணவனுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்ப் பில் கேட்கும் அந்தப் பாட்டி லோங்காங்குக்கும் பில் கேட்பார். கேட்க ஓர் இடம்தான் இல்லை.

நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. மலாக்காவில் நாம் சிறுபான்மை, அதுவும் சிதறிக் கிடக்கும் சிறுபான்மை. இப்போது நியமனத்தில் கட்சிப் பங்கீட்டின்படி ஒன்றிரண்டு இந்தியர்கள் ஒவ்வொரு மன்றத்திலும் வந்துவிடுகிறார்கள். தேர்தல் வைத்தால் அதுவும் போய்விடுமே என்ற பயம். நியாயமான பயம்தான். டி.எஸ். ராமநாதன் சீனர் பெரும்பான்மை நகரத்தில் மேயரானார் என்ற ஒரே எடுத்துக்காட்டை வைத்து இதைத் தள்ளிவிட மாட்டேன். அது வேறு காலம், வர்க்க அரசியல் வலுவாக இருந்த காலம். ஆனால் ஒன்று கவனியுங்கள். நாடாளுமன்றத் தொகுதியில் நானூறு தமிழ் வாக்கு கரைந்துபோகும். சில ஆயிரம் பேர் மட்டும் வாக்களிக்கும் சின்ன வட்டாரத்தில் அதே நானூறு வாக்கை எந்த வேட்பாளராலும் தாண்டிப் போக முடியாது. வட்டாரத்துக்குப் பாதி இடம், கட்சிகளும் குழுக்களும் பெறும் வாக்கு விகிதத்துக்கு மீதி இடம் என்று கலந்து வைத்தால் சிறுபான்மைக்கும் இடம் நிற்கும். உலகில் பல நாடுகள் இப்படிக் கலப்பு முறை வைத்திருக்கின்றன. நியமனத்தில் வரும் இந்தியர் நமக்காகக் கத்திப் பேசினால் அடுத்த முறை கடிதம் வராமலும் போகலாம். நம் வாக்கில் வருபவருக்கு அந்தக் கவலை இல்லை.

இனப் பிரச்சினை வரும் என்ற வாதமும் உண்டு. 2018 பொதுத்தேர்தலுக்குப் பின் அன்றைய வீடமைப்பு, ஊராட்சி அமைச்சர் சுரைடா கமாருடின், மூன்றாண்டில் ஊராட்சித் தேர்தலைக் கொண்டுவரலாம் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர், இன மோதலுக்கு வழிவகுக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டார். நகரமெல்லாம் சீனர், கிராமமெல்லாம் மலாய்க்காரர் என்ற 1960களின் நாட்டை மனத்தில் வைத்துப் பேசும் பேச்சு அது. இன்று தாமான்களுக்குப் போய்ப் பாருங்கள், ஒரே வரிசையில் மூன்று இனமும் ஒரே லோங்காங்கைப் பற்றித்தான் புலம்புகின்றன. நாடாளுமன்றத் தேர்தலில் இனம் பேசாத மேடை உண்டா? அதற்காக நாடாளுமன்றத்தை மூடச் சொல்கிறோமா?

பினாங்கு இன்னும் ஒரு படி மேலே போய் முயன்றது. 2012இல் மாநிலச் சட்டமன்றத்தில் ஊராட்சித் தேர்தலுக்கென்றே சட்டம் நிறைவேற்றி, அது செல்லுமா என்று கூட்டரசு நீதிமன்றத்திடம் போனது. 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: 15ஆவது பிரிவு இருக்கும்வரை மாநிலம் தேர்தல் நடத்த முடியாது. ஒருவகையில் அந்தத் தோல்வி நமக்கு வழியைத் தெளிவாக்கிவிட்டது. பூட்டு மலாக்கா சட்டமன்றத்தில் இல்லை, நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 171ஆவது சட்டம் சாதாரணச் சட்டம். அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டியதில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும்.

சட்டத்திலேயே தேர்தலை எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். சென்னை மாநகராட்சி தொடங்கியது 1688இல். அவ்வளவு பழைய மன்றத்துக்கும்கூடத் தமிழ்நாட்டில் பலமுறை தேர்தல் நடக்காமல் அதிகாரிகளே ஆண்டிருக்கிறார்கள். அண்மையில் 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் நகரத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஆனால் நடந்தே ஆக வேண்டியிருந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சித் தேர்தலை இந்திய அரசியலமைப்புக்குள்ளேயே எழுதிவிட்டன. தாமதித்தால் நீதிமன்றம் கேட்கும். அந்த 2022 தேர்தலில் வென்று சென்னையின் மேயரானவர் பிரியா ராஜன். அப்போது வயது 28, அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். என் மாணவனின் இன்றைய வயதைவிட ஒன்றுதான் கூட. நம் மலாக்காவில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, கட்சித் தலைவரின் பட்டியலில் இடம்பிடிப்பதைத் தவிர மன்றத்துக்குள் போக வேறு கதவு இல்லை.

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. இருக்கிற சட்டத்திலேயே நாம் தொடாத பிரிவுகள் இருக்கின்றன. அதே 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றமே வேறாகத் தீர்மானித்தால் ஒழிய, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. உட்குழுக் கூட்டங்களுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் முழுக் கூட்டத்துக்குப் பொருந்தும். நம்மில் யார் போய் உட்கார்ந்திருக்கிறோம்? தேதியை எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு பேர், மூன்று பேராகப் போங்கள். பேச விட மாட்டார்கள், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். வேலை நாளில் பகலில் கூட்டம் வைத்தால் ஷிப்டுக்காரர்கள் எப்படி வருவது என்று எழுதிக் கேளுங்கள். சட்டம் நேரத்தை மாற்றத் தடை சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி வட்டாரத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும். எந்தத் தோட்ட நிலம் எந்த நிறத்தில் போட்டிருக்கிறது, பழைய கோயிலும் இடுகாடும் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா என்று அப்போது பார்த்துக் கடிதம் கொடுக்காமல், புல்டோசர் வந்தபின் கோயில் வாசலில் போய் நின்று அழுவதில் பயன் குறைவு. பினாங்கில் 2008க்குப் பிறகு பொது அமைப்புகள் தங்கள் ஆட்களை முன்மொழிந்து, அவர்களில் சிலரை மாநில அரசு மன்ற உறுப்பினராக ஏற்றது. மலாக்கா அரசும் அதைச் செய்யலாம். 10ஆவது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கோயில்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தாமான் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து பெயர் கொடுக்கட்டும். கட்சிகளும் கொடுக்கட்டும்.

என் மாணவன் இப்போது ஒரு சின்னக் குழு சேர்த்திருக்கிறான். மலாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், சீனக் கடைக்காரர் ஒருவர், நம் பெண்கள் சிலர். முதல் வேலையாக 171ஆவது சட்டத்தின் 10, 15, 23ஆம் பிரிவுகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்டான். எழுதிக் கொடுத்துவிட்டேன். வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். கோயில் பலகையில் ஒட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஐயா, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவை நீக்க நீங்கள் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?" பதிலை எழுதி வைத்துக்கொண்டு ஊருக்குச் சொல்லுங்கள்.